திரையில் வந்த ‘வாலித்’: இந்தோனேசிய உலமாக்களும் பொழுதுபோக்கு உலகமும்

2025ஆம் ஆண்டில் ஆறு மாத இடைவெளியில் இந்தோனேசியாவில் இரண்டு விவகாரங்கள் வெடித்தன. இரண்டிலும் திரை இருந்தது, இரண்டிலும் மத்ரஸா இருந்தது. முதலாவதில், ஒரு நாடகத் தொடரைப் பார்த்த இளம்பெண்கள், தாங்கள் ஓதிய மார்க்கப் பாடசாலையின் தலைவர் தங்களுக்குச் செய்த கொடுமையை வெளியே சொல்ல முன்வந்தார்கள். இரண்டாவதில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நாடறிந்த ஒரு மூத்த ஆலிமையும் அவருடைய மாணவர்களையும் கேலி செய்தது. மாணவர் சமூகம் கொதித்தெழுந்தது, தொலைக்காட்சி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘இது மார்க்கத்துக்கு எதிரான ஊடகச் சதி’ என்று பேசியவர்கள் அங்கே உண்டு. அதே மூட்டையைக் காட்டி, ‘உஸ்தாதுகள் எல்லாம் இப்படித்தான்’ என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் யோசிக்கும் சிரமம் இல்லை. ஆனால் பிள்ளைகளை மத்ரஸாவுக்கு அனுப்பும் பெற்றோருக்கும், அந்தப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் என் போன்றவர்களுக்கும் அந்தச் சொகுசு கிடையாது. எந்தப் படத்தைப் பார்த்து நாம் கோபப்பட வேண்டும், எதைப் பார்த்து வெட்கப்பட வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்கு இந்தோனேசியாவைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

முதலில் இரண்டு சொற்கள். அங்கே விடுதியுடன் கூடிய மார்க்கப் பாடசாலைக்குப் ‘பெஸந்தரென்’ என்று பெயர். அங்கு ஓதும் மாணவர் ‘சந்த்ரி’, அதன் தலைவரான ஆலிம் ‘கியாய்’. சந்த்ரி என்ற சொல்லே தமிழிலிருந்து போனது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. சமஸ்கிருதத்திலிருந்து போனது என்போரும் உண்டு. அது எப்படியோ போகட்டும். கடைக்குக் ‘கெடாய்’ என்றும், கப்பலுக்குக் ‘கபால்’ என்றும், கல்யாண மாப்பிள்ளைக்கு ‘மெம்பெலாய்’ என்றும் சொல்லும் மக்கள் அவர்கள். நம் முன்னோர் அந்தக் கரைக்குப் போய் வந்ததற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்தோனேசியாவின் மக்கள்தொகை சுமார் 28 கோடி. அவர்களில் நூற்றுக்கு எண்பத்தேழு பேர் முஸ்லிம்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெஸந்தரென்கள் அங்கே இருக்கின்றன. ஆகவே அந்த நாட்டில் சினிமா எடுப்பவர், பாட்டுப் பாடுபவர், தொலைக்காட்சியில் விளம்பரம் விற்பவர் யாராக இருந்தாலும் கியாயைத் தாண்டிப் போக முடியாது. கியாயும் சினிமாவைத் தாண்டிப் போகவில்லை என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

1962இல் நஹ்தத்துல் உலமா என்ற மாபெரும் உலமா அமைப்பு, ‘லெஸ்பூமி’ என்ற பெயரில் தனக்கென ஒரு கலை, பண்பாட்டுப் பிரிவைத் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர்கள் யார் தெரியுமா? இந்தோனேசிய சினிமாவின் தந்தை என்று போற்றப்படும் உஸ்மார் இஸ்மாயில், படத் தயாரிப்பாளர் ஜமாலுத்தீன் மாலிக், கவிஞரும் திரைக்கதை ஆசிரியருமான அஸ்ருல் ஸானி. உஸ்மார் இஸ்மாயில் 1950 மார்ச் 30 அன்று தம் படம் ஒன்றின் படப்பிடிப்பைத் தொடங்கினார். அந்த நாளைத்தான் இன்றும் இந்தோனேசியா தேசியத் திரைப்பட நாளாகக் கொண்டாடுகிறது. அந்த மனிதர் பின்னாளில் நஹ்தத்துல் உலமாவின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். இதில் அரசியல் இல்லாமல் இல்லை. கம்யூனிஸ்ட் கட்சியின் கலைப் பிரிவான லெக்ரா அப்போது ஓங்கி நின்றது, அதற்கு எதிரே ஒரு மேடை உலமாக்களுக்குத் தேவைப்பட்டது. ஆனால் காரணம் எதுவானாலும், தலைப்பாகை கட்டியவர்களும் கேமரா பிடித்தவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகு சுஹார்த்தோவின் நீண்ட ஆட்சி. அந்தக் காலத்துப் பேய்ப்படங்களில் ஒரு வாய்ப்பாடு உண்டு. படம் முழுக்கப் பேய் ஆட்டிப்படைக்கும். கடைசிக் காட்சியில் வெள்ளைத் தலைப்பாகையோடு ஒரு கியாய் வருவார், குர்ஆன் வசனங்களை ஓதுவார், பேய் எரிந்து சாம்பலாகும். 1980இல் வந்த ‘பெங்கப்தி ஸேத்தான்’ அப்படியான ஒரு படம். தணிக்கைக்கும் அது வசதி, பார்ப்பவருக்கும் வசதி. ஒன்றரை மணி நேரம் காட்டக்கூடாததையெல்லாம் காட்டிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் மார்க்கத்தைக் கொண்டுவந்து கணக்கை நேர் செய்துகொள்ளலாம். கியாய் அங்கே ஒரு மனிதர் அல்லர், ஒரு முத்திரை. படத்துக்குக் குத்தப்படும் ஹலால் முத்திரை.

அதே காலத்தில் இசை மேடையில் வேறொரு மனிதர் இருந்தார். 1946இல் தாசிக்மலாயாவில் பிறந்த ரோமா இராமா. ‘டங்டுட்’ என்ற இசை வகையின் மன்னர். டங்டுட் என்பது தபலாவைப் போன்ற மேளத்தின் ஓசையிலிருந்து வந்த பெயர். மலாய் இசை, அரபு இசை, நம் நாட்டு இந்திப் படப் பாடல்கள், மேற்கத்திய ராக் எல்லாம் கலந்த கலவை அது. அதன் தொடக்கத்தைத் தேடிப் போகிறவர்கள் எல்லா கதமும் பாடிய, ‘இந்தியாவிலிருந்து வந்த பொம்மை’ என்று பொருள்படும் பெயர் கொண்ட பழைய பாட்டில்தான் போய் நிற்கிறார்கள். ரோமா தம் ‘ஸொனேத்தா’ குழுவை முஸ்லிமின் குரல் என்று அறிவித்தார். சூதாட்டத்துக்கும் போதைக்கும் எதிராகப் பாடினார். 1977 தேர்தலில் அரசுக்கு எதிரான முஸ்லிம் கட்சிக்குப் பிரசாரம் செய்தார். அரசுத் தொலைக்காட்சி அவரைப் பத்தாண்டுக்கும் மேல் திரையில் காட்டவில்லை. பிறகு 1997இல் அவரே ஆளும் கோல்கர் பக்கம் போனார். 2003இல் இனுல் தாரதிஸ்தா என்ற பாடகி இடுப்பை ஆட்டி ஆடிய ஆட்டம் நாட்டையே இரண்டாக்கியபோது, அந்தப் பெண்ணுக்கு எதிராக முன்னணியில் நின்றவர் ரோமா. அவளுக்குப் பரிந்து பேசியவர் முன்னாள் அதிபரும் பெரிய கியாய் குடும்பத்து வாரிசுமான அப்துர்ரஹ்மான் வாஹித். பாடகர் முஃப்தியாகிறார், ஆலிம் பாடகிக்கு வக்கீலாகிறார். இந்தோனேசியாவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு காட்சி போதும் என்று நான் நினைப்பதுண்டு.

சுஹார்த்தோ 1998இல் வீழ்ந்தார். தனியார் தொலைக்காட்சிகளுக்குக் கட்டுகள் தளர்ந்தன. மார்க்கம் விற்கும் பொருள் என்பதை விளம்பரக்காரர்கள் கண்டுகொண்டார்கள். அங்கே தொலைக்காட்சித் தொடருக்குச் ‘சினெத்ரோன்’ என்று பெயர். 2004, 2005 வாக்கில் ‘ரஹஸியா இலாஹி’ போன்ற தொடர்கள் வந்தன. வட்டி வாங்கியவனின் ஜனாஸாவில் புழு, பெற்றோரைத் திட்டியவனின் கப்ரில் நெருப்பு. வாராவாரம் ஒரு பாவி, ஒரு பயங்கரமான சாவு. மக்கள் விழுந்து விழுந்து பார்த்தார்கள். கப்ரின் வேதனை நம் அகீதாவில் உள்ளதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் மறைவான ஞானத்தை அல்லாஹ் தன்னிடம் வைத்திருக்கும்போது, இன்னாருக்கு இன்ன வேதனை என்று சீரியல் இயக்குநர் தீர்ப்புச் சொல்வதைப் பார்த்துப் பயபக்தி வளரும் என்று நம்பியவர்களை என்ன சொல்வது?

நல்லதும் வந்தது. 2007 ரமளானில் தொடங்கிய ‘பாரா பெஞ்சாரி துஹான்’ என்ற தொடர் ஸஹர் நேரத்தில் ஒளிபரப்பானது. சிறையிலிருந்து வெளியே வந்த மூன்று பேருக்கு யாரும் இடம் தரவில்லை. ஒரு சிறிய தொழுகைக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் பணியாளர் அவர்களைச் சேர்த்துக்கொள்கிறார். அவ்வளவுதான் கதை. நடித்து உருவாக்கியவர் தெடி மிஸ்வார்; பிறகு மேற்கு ஜாவாவின் துணை ஆளுநராகவும் ஆனார். அந்தத் தொடரில் பேய் இல்லை, கராமத் இல்லை, நீண்ட பயான் இல்லை. பள்ளிவாசல் பணியாளரைக் கதாநாயகன் ஆக்கிய கற்பனை நம் ஊர்களில் யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது.

2008இல் ‘ஆயத் ஆயத் சிந்தா’ படம் வந்தது. அல்-அஸ்ஹரில் ஓதிய ஹபீபுர்ரஹ்மான் அல் ஷீராஸி எழுதிய நாவல் அது. கெய்ரோவில் படிக்கும் ஒழுக்கமான மாணவன், அவனைச் சுற்றிய திருமணக் கதை. முப்பத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள், அப்போதைய அதிபர் யூதோயோனோ உட்பட. படத்தை எடுத்த எம்.டி. நிறுவனத்தை நடத்துபவர்கள் இந்திய வம்சாவளி சிந்திக் குடும்பமான பஞ்சாபிகள். அந்நாட்டு சினெத்ரோன் தொழிலின் பெரும் பகுதியைக் கட்டியெழுப்பியதும் இப்படிப்பட்ட சிந்திக் குடும்பங்கள்தான். முஸ்லிம்களுக்கான மார்க்கப் படம் முஸ்லிமல்லாத வணிகர் கையால் வந்ததில் தவறு ஏதும் இல்லை. வியாபாரத்தின் கண் எங்கே இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

அந்தப் படத்தை இயக்கிய ஹனுங் பிரமந்தியோ அடுத்த ஆண்டே ‘பெரம்புவான் பெர்கலுங் ஸோர்பான்’ என்ற படத்தைக் கொடுத்தார். கதையின் நாயகி ஒரு கியாயின் மகள். குதிரை ஏற ஆசைப்படுகிறாள், படிக்க ஆசைப்படுகிறாள். மார்க்கத்தின் பெயரால் மறுக்கப்படுகிறாள். கொடுமைக்காரக் கணவனுக்குக் கட்டிக்கொடுக்கப்படுகிறாள். ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் இமாமாக இருந்த அலீ முஸ்தஃபா யஃகூப், படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார். இஸ்லாத்தைத் தவறாகக் காட்டுகிறது என்பது அவர் வாதம். அவர் ஹதீஸ் கலையில் பெரிய அறிஞர், அவருடைய கவலையை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள்: முந்தைய ஆண்டில் மார்க்க மாணவனை மலக்காகக் காட்டிய படத்தையும் எடுத்தவர் இதே இயக்குநர். அடுத்த ஆண்டு, 2010இல், முஹம்மதிய்யா இயக்கத்தை நிறுவிய அஹ்மத் தஹ்லானின் வாழ்க்கையைப் படமாக்கியவரும் இவரே. புகழ்ந்தபோது திரையரங்கை நிறைத்தோம், கேள்வி கேட்டபோது இழுத்து மூடச் சொன்னோம். அந்த நாவலை எழுதியவரும் பெஸந்தரெனில் வளர்ந்த ஒரு பெண்தான். வெளியே இருந்து எறியப்பட்ட கல் அல்ல அது.

2017இல் ஜோகோ அன்வார் அந்தப் பழைய ‘பெங்கப்தி ஸேத்தான்’ படத்தை மீண்டும் எடுத்தார். நாற்பது லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். கதையில் உஸ்தாத் இருக்கிறார். ஆனால் அவரால் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற முடிவதில்லை. முப்பத்தேழு ஆண்டுகளில் முத்திரையின் மை வறண்டுவிட்டது. இதைச் சிலர் மார்க்கத்தை இழிவுபடுத்துவதாகச் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் வந்து எரித்துவிட்டுப் போகும் கியாயை மக்கள் நம்புவதை நிறுத்திவிட்டார்கள் என்பதைப் படம் எடுத்தவர் கவனித்திருக்கிறார், அவ்வளவே.

ஆனால் அதன் பின்னால் வந்த பேய்ப்பட வெள்ளம் வேறு விஷயம். இன்று இந்தோனேசியத் திரையரங்குகளில் உள்ளூர்ப் படங்களைப் பார்ப்போர் ஆண்டுக்கு சுமார் 8 கோடி. அதில் பெரும் பங்கு பேய்க்குத்தான். தொழுகையில் பின்னால் வந்து நிற்கும் பேய் பற்றி ‘மஃமூம்’. மஃரிப் நேரத்தில் வெளியே திரியும் பிள்ளைகள் பற்றி ‘வக்து மஃரிப்’. நரக வேதனை பற்றி ‘ஸிக்ஸா நெராகா’. பெயர்களைப் பாருங்கள்! சூரியன் மறையும் நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அது பிள்ளைகள் மீதுள்ள கருணையால் சொன்ன வார்த்தை. அதை எடுத்து அலறவைக்கும் சரக்காக்கினால், படம் பார்த்த குழந்தைக்கு மஃரிப் தொழுகை நேரம் நிம்மதியின் நேரமாக இருக்குமா?

2024 மார்ச்சில் ‘கிப்லத்’ என்ற பேய்ப்படத்தின் சுவரொட்டி வந்தது. தொழுகை உடையில் ருகூவில் இருக்கும் பெண்ணின் முகம் பேய்த்தனமாகத் திரும்பிப் பார்க்கிறது. உலமா சபையின் கியாய் கோலில் நஃபீஸ் சமூக ஊடகத்தில் கண்டித்தார். சுவரொட்டி திரும்பப் பெறப்பட்டது. படம் ‘தாகூத்’ என்று பெயர் மாறி அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளியானது. இந்தக் கண்டனம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பேய்ப்படம் எடுக்க வேண்டுமானால் எடுக்கட்டும். கிப்லாவை ஏன் தொட வேண்டும்? கலவரம் இல்லை, திரையரங்கு உடைப்பு இல்லை. ஒரு பதிவு, ஒரு மன்னிப்பு, ஒரு பெயர் மாற்றம். காரியம் முடிந்தது.

2025 நோன்புப் பெருநாளுக்கு இரண்டு படங்கள் ஒரே நாளில் போட்டிக்கு வந்தன. ஒன்று, ருக்யா ஓதிப் பேயோட்டும் உஸ்தாதைக் கதாநாயகனாகக் கொண்ட ‘கொத்ராத் 2’. மற்றொன்று, அனாதைச் சிறுவன் ஒருவனைப் பற்றிய ‘ஜும்போ’ என்ற கார்ட்டூன் படம். ஜும்போவை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள், அதுவரையிலான சாதனைகளையெல்லாம் அது முறியடித்தது. குடும்பத்தோடு பார்க்க நல்ல படம் கொடுத்தால் ஜனங்கள் பேயை விட்டுவிட்டு அங்கே போவார்கள் என்று தெரிந்தது. உஸ்தாத் படமும் நன்றாகவே ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பெருநாள் சமயத்தில்தான் ‘பித்அஹ்’ வந்தது. இது மலேசியத் தொடர். எர்மா ஃபாத்திமா உருவாக்கியது, வியூ என்ற இணையத் தளத்தில் ஓடியது. ‘வாலித்’ என்று சீடர்கள் அழைக்கும் ஒரு போலித் தலைவன். தானே மஹ்தி என்கிறான். தன் கால் கழுவிய நீரில் பரக்கத் இருப்பதாக நம்பவைக்கிறான். ‘உள்ளார்ந்த நிகாஹ்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்து, சாட்சியும் வலியும் இல்லாமல் இளம்பெண்களைத் தன் அறைக்கு அழைக்கிறான். ஒரு பெண், தன் தாயை அந்தக் கூட்டத்திலிருந்து மீட்க உள்ளே நுழைகிறாள். மலேசியாவில் 2024 செப்டம்பரில் ஜி.ஐ.எஸ்.பி. என்ற குழுவின் விடுதிகளைப் போலீஸார் சோதனையிட்டு நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை மீட்ட செய்தி பலருக்கும் நினைவுக்கு வந்தது. தொடர் இந்தோனேசியாவில் காட்டுத்தீயாகப் பரவியது. ‘வாலித்’ என்ற சொல்லே கேலிச் சொல்லாகி, கைப்பேசிதோறும் சுற்றியது.

பிறகு ஏப்ரலில் லொம்போக் தீவிலிருந்து செய்தி வந்தது. ஆயிரம் பள்ளிவாசல்களின் தீவு என்று பெயர் பெற்ற ஊர் அது. மேற்கு லொம்போக்கில் ஒரு பெஸந்தரெனின் முன்னாள் மாணவிகள், அந்தத் தொடரைப் பார்த்த பிறகு தங்களுக்குள் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். தங்கள் பாடசாலைத் தலைவர் செய்ததும் இதுவேதான் என்று அவர்களுக்குப் புரிந்தது. புகார் கொடுத்தார்கள், போலீஸார் விசாரணையைத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். அந்தப் பெண்கள் ஓதியவர்கள். நிகாஹுக்கு வலி வேண்டும், சாட்சி வேண்டும் என்பது மத்ரஸாவின் தொடக்க வகுப்பிலேயே ஃபிக்ஹு கிதாபில் வருகிற பாடம். அது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்த சட்டம் அவர்களுக்கு ஏன் உதவவில்லை? சட்டத்தைக் கற்பித்த வாயே அதற்கு விதிவிலக்கும் சொன்னதால். ‘இது உனக்குப் பரக்கத்’ என்று உஸ்தாத் சொல்லும்போது, ‘இல்லை, இது ஹராம்’ என்று சொல்லும் சொல் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து கிடைக்கும்? கிதாபு கொடுக்க வேண்டிய அந்தச் சொல்லை ஒரு மலேசிய நாடகம் கொடுத்தது. ஆலிம்களாகிய நமக்கு இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அதற்கு முன்பே அடையாளங்கள் இருந்தன. பாண்டுங் நகரில் 13 மாணவிகளைச் சீரழித்த ஆசிரியர் ஒருவருக்கு 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டு கிழக்கு ஜாவாவின் ஜொம்பாங்கில், ஒரு கியாயின் மகனைக் கைது செய்யப் போன நூற்றுக்கணக்கான போலீஸாரை ஆதரவாளர்கள் மறித்தார்கள். பல மணி நேரம் கழித்தே அவர் சரணடைந்தார், பின்னர் 7 ஆண்டு சிறை கிடைத்தது. மறித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரியவரின் வீட்டுக் கண்ணியத்தைக் காப்பதாகவே நினைத்தார்கள். மக்ஸூம் குலத்துப் பெண் திருடியபோது அவளுக்காக உஸாமா (ரலி) பரிந்து பேச வந்தார். நபி (ஸல்) அவர்கள் கோபம் கொண்டு, தம் சொந்த மகளாயினும் தண்டனையிலிருந்து தப்ப முடியாது என்று சொன்ன சம்பவத்தை அவர்கள் எத்தனை முறை ஓதியிருப்பார்கள்!

தொடர் வந்தபோது அங்கும் மலேசியாவிலும் எழுந்த ஆட்சேபம் முற்றிலும் வெறுமையானது அல்ல. தாடியும் தஸ்பீஹும் கண்டாலே ‘வாலித்’ என்று கேலி செய்யும் பழக்கம் உருவானது. யாரோ ஒருவன் செய்த பாவத்துக்காக, மாதம் சொற்பச் சம்பளத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுக்கும் உஸ்தாத் தெருவில் நக்கலுக்கு ஆளாகிறார். பழி சுமத்துதல் மார்க்கத்தில் எவ்வளவு கடுமையான குற்றம் என்பதை ஸூரத்துந் நூர் ஓதியவர்கள் அறிவார்கள். ஆனால் தொடர் யார் மீதும் பெயர் சொல்லிப் பழி போடவில்லை. ஒரு தந்திரத்தை விளக்கிக் காட்டியது. தந்திரத்தை விளக்கினால் தந்திரக்காரனுக்குத்தான் நஷ்டம்.

இப்போது அக்டோபருக்கு வருவோம். டிரான்ஸ்7 என்ற தனியார் தொலைக்காட்சியில் ‘எக்ஸ்போஸ் அன்சென்சர்ட்’ என்று ஒரு நிகழ்ச்சி. கிழக்கு ஜாவாவின் கெதிரி நகரில் 1910இல் தொடங்கிய லிர்போயோ பெஸந்தரென் அதில் காட்டப்பட்டது. அங்குள்ள வயது முதிர்ந்த கியாய் அன்வர் மன்ஸூர் அவர்களுக்கு முன் சந்த்ரிகள் குந்தி உட்காருவதும், சலாம் சொல்லி உறையில் பணம் வைத்துக் கொடுப்பதும் காட்டி, பின்னணிக் குரல் எகத்தாளமாகப் பேசியது. கியாய் பணக்காரர், கொடுப்பவர்கள் ஏழைகள் என்ற தொனி. நாடு முழுவதும் சந்த்ரிகள் டிரான்ஸ்7ஐப் புறக்கணிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஒளிபரப்பு ஆணையம் நிகழ்ச்சியை நிறுத்திவைத்தது.

இங்கே நான் சந்த்ரிகளின் பக்கம். ஹஜ்ரத் வரும்போது எழுந்து நிற்பதும், அவர் செருப்பைத் திருப்பி வைப்பதும், ஊருக்குப் போய் வரும்போது கையில் முடிந்ததைக் கொடுப்பதும் நம் அரபுக் கல்லூரிகளிலும் உள்ள அதபுதான். நானும் செய்திருக்கிறேன், யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அந்த நிகழ்ச்சியைத் தயாரித்தவர்கள் ஒரு நாள் அந்த வளாகத்தில் தங்கி, உறையில் வரும் பணம் எங்கே போகிறது, எத்தனை ஏழைப் பிள்ளைகள் அங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேட்டிருந்தால் அது செய்தி. கேட்காமல் பின்னணிக் குரலில் சிரித்தால் அது வம்பு. லொம்போக்கில் பாதிக்கப்பட்டவர்கள் பேசினார்கள். இங்கே பாதிக்கப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை, சிரிப்பவர் மட்டுமே இருந்தார். இரண்டு விவகாரங்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஆனால் அந்தக் கோபத்தின் நடுவே, சங்கடமான இன்னொரு கேள்வியும் இருந்தது. நிகழ்ச்சி ஒளிபரப்பாவதற்கு இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 29 அன்று, ஸிதோஅர்ஜோவில் உள்ள அல் கோஸினி பெஸந்தரெனில் கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்த கட்டடம் இடிந்து விழுந்தது. பிள்ளைகள் அஸர் தொழுதுகொண்டிருந்த நேரம். 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் பதின்வயதுச் சிறுவர்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பழைய அடித்தளத்தின் மேல் அடுக்கடுக்காகக் கட்டியதும், உரிய அனுமதி இல்லாததும் பேசப்பட்டன. பெற்றோர் பலர் ‘அல்லாஹ்வின் கத்ரு’ என்று பொறுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஸப்ருக்கு முன்னால் நாம் தலை குனிய வேண்டும். ஆனால் பெற்றோரின் ஸப்ரு கட்டியவர்களுக்கான விடுதலைப் பத்திரம் அல்ல. உறையைக் கேலி செய்த நிகழ்ச்சிக்கு எதிராக வீதிக்கு வந்த அதே வேகம், கட்டட அனுமதிக்காக எங்கும் வரவில்லை. அங்குள்ள சில இளம் ஆலிம்களே இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

இந்தோனேசிய உலமாக்கள் எதுவும் செய்யவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 2017இல் சிரெபோன் நகரில் ஒரு பெஸந்தரெனில் பெண் ஆலிமாக்களின் மாநாடு கூடியது. பாலியல் வன்முறை, திருமணத்துக்கு உள்ளேயானாலும் வெளியேயானாலும், ஹராம் என்று அது அறிவித்தது. 2022இல் பாலியல் வன்முறைக்கு எதிரான தனிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மத விவகார அமைச்சகம், தன் கீழ் உள்ள கல்வி நிலையங்களில் இத்தகைய கொடுமைகளைத் தடுக்க விதிமுறை வெளியிட்டது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்ன பிறகு எங்கே தூங்குவது, தன் தந்தையே அந்தக் கியாயின் முரீதாக இருந்தால் என்ன செய்வது, இதற்கெல்லாம் விதிமுறையில் பதில் இல்லை.

நம் வீடுகளுக்கும் இந்தத் தொடர்களும் படங்களும் வருகின்றன. மொழி புரியாவிட்டாலும் எழுத்தோட்டம் போட்டுப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பேய்ப்படத்தில் கிப்லாவைக் காட்டுவதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ‘பித்அஹ்’ போன்ற தொடரை வளர்ந்த பெண் பிள்ளை பார்த்தால், பிடுங்கி வைப்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். காட்சிகளில் சிலவற்றைத் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். முடிந்தபின் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உனக்கு ஓதிக்கொடுப்பவர் இப்படி ஏதாவது சொன்னால், யாரிடம் வந்து சொல்வாய்? பிள்ளை உடனே ‘உங்களிடம்’ என்று சொல்கிறதா, யோசிக்கிறதா என்று பாருங்கள். என் சக ஆலிம்களில் சிலர் இதைப் படித்துவிட்டு வருத்தப்படுவார்கள். அவர்களில் யாராவது தம் மத்ரஸாவின் சுவரில், ஜமாஅத் நிர்வாகத்தில் ஒரு பெண்மணியின் தொலைபேசி எண்ணை மாணவிகள் பார்க்கும் இடத்தில் எழுதி வைத்தால் அந்த வருத்தத்தை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன்.

அக்டோபர் 22 அங்கே சந்த்ரி தினம். 1945இல் காலனிய ஆட்சி திரும்புவதற்கு எதிராக உலமாக்கள் ஜிஹாத் தீர்மானம் போட்ட நாள் அது. 2015 முதல் அரசே கொண்டாடுகிறது. 2025இல் அந்த நாளையொட்டி, மத விவகார அமைச்சகத்தில் பெஸந்தரென்களுக்கென்று தனித் தலைமை இயக்குநரகம் அமைக்க அதிபர் பிரபோவோ ஒப்புதல் அளித்ததாக அறிவிப்பு வந்தது. மானியம், உதவித்தொகை, கட்டட நிதி என்று பெஸந்தரென்கள் நீண்ட காலம் கேட்டு வந்தவை இனி ஒரே இடத்தில் கவனிக்கப்படும். அந்த அலுவலகத்தில் கட்டடங்களைச் சோதிக்கும் பொறியாளருக்கு ஒரு மேசையும், லொம்போக்கிலிருந்து வரும் ஒரு மாணவியின் புகாரை வாங்கிக்கொள்ள இன்னொரு மேசையும் போடுவார்களா என்பதைத்தான் அங்குள்ள ஆலிமாக்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.